இருபத்து நான்கு கட்டங்கள்

பத்து வருடம் மீட்பு வண்டி ஓட்டியவன் நான். நசுங்கியது, கருகியது, பாலத்திலிருந்து தலைகீழாக விழுந்தது என்று எத்தனையோ வாகனங்களைக் கொக்கி போட்டு இழுத்து வந்திருக்கிறேன். எதைப் பார்த்தும் எனக்குத் தொண்டை அடைத்ததில்லை. அந்தக் கொட்டகையில் கிடந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தபோது அடைத்தது. மேடம் கவனித்துவிடக் கூடாதே என்று இருமி வைத்தேன்.

"தூசியா?" என்றார் மேடம், திரும்பாமலேயே.

"ஆமா மேடம். பயங்கரத் தூசி."

"காலையிலதான் இந்த வீட்டு அக்கா கூட்டித் தொடச்சிருக்காங்க. தரையில முகம் தெரியுது."

இவரோடு வேலை பார்ப்பதில் உள்ள தொல்லையே இதுதான். பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைச் சோதித்தவர். நான் இழுத்து வந்து போடுவேன், அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார், வண்டி ஓட்டியவன் சொன்ன பொய் எல்லாம் கீழே உதிரும். கம்பெனியை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்தபோது என்னையும் கூடவே கூட்டிக்கொண்டார். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்றார். வாயை மூடு என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்பவரும் அவரேதான். எனக்கு அவர் வைத்த பெயர் பிரேக்டவுன்.

வழக்கு இதுதான். மருந்துக் கடை நடத்தும் ஒரு அக்கா. அவருக்கு ஒரே தம்பி, இருபத்தொன்பது வயது. அம்மா அப்பா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அந்தத் தம்பியும், பள்ளிக்கூடத்திலிருந்தே அவனோடு ஒட்டிக்கொண்டு திரிந்த சிநேகிதன் ஒருவனும் சேர்ந்து, இரண்டு வருடம் அக்கா வீட்டின் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு சாதாரண மோட்டார் சைக்கிளுக்கு டர்போ பொருத்தினார்கள். சைலன்சருக்குப் போகும் புகையாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அடைக்கும் ஏற்பாடு அது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். அந்தப் பெட்ரோல் கணக்கைப் பார்த்தவன் சிநேகிதன். ஊரில் அவனுக்கு ஸ்பேனர் என்று பெயர்.

பதினோரு நாட்களுக்கு முன்னால், காலை ஏழு மணிக்கு, இன்னும் திறக்காத புறவழிச்சாலையில் தம்பி அதை முழு வேகத்துக்கு விரட்டினான். இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது; விழுந்த இடத்திலேயே தம்பி போய்விட்டான். ஸ்பேனர் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டியின் கம்ப்யூட்டரில் யாரோ எண்களை மாற்றியிருக்கிறார்கள் என்று போலீஸ் மெக்கானிக் சொன்னார். உடனே ஸ்பேனர், "நான்தான் மாத்தினேன், தப்பாப் போச்சு" என்றான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. எண்களை மாற்றிய லேப்டாப் எங்கே என்றால் குளத்தில் போட்டுவிட்டேன் என்றான். நாளைக் காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் அதை எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறான்.

அக்காவுக்கு அது போதவில்லை. "தப்பு இல்ல மேடம். வேணும்னே பண்ணியிருக்கான். ஒரு ரேஸ் கம்பெனி என் தம்பியை மட்டும் வேலைக்குக் கூப்பிட்டுச்சு, இவனைக் கூப்பிடல. வயிறு எரிஞ்சு கொன்னுட்டான். அதை நீங்க நிரூபிச்சுக் கொடுங்க" என்று எங்களிடம் வந்தார். இழவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் ஸ்பேனரைக் கன்னத்தில் அறைந்தவர் அவர். அவன் அசையாமல் வாங்கிக்கொண்டானாம்.

"லேப்டாப் குளத்துக்குப் போனா என்ன," என்றார் மேடம், வண்டியின் சீட்டுக்கு அடியில் அதன் கம்ப்யூட்டராக இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியில் ஒயரைச் சொருகி. "கடைசியா ஏத்தின ஃபைல் பெட்டிக்குள்ளேயே இருக்கு."

"அப்போ ஸ்பேனர் ஏன் இதையும் குளத்துல போடல?"

"போலீஸ்கிட்ட இருந்துச்சு. அப்புறம் இங்க வந்துடுச்சு. அக்கா அவனைத் தெருவிலேயே கால் வைக்க விடல."

மேடத்தின் திரையில் ஒரு அட்டவணை விரிந்தது. எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு கட்டம். மேலிருந்து கீழே காற்றின் அழுத்தம். இடமிருந்து வலம் இன்ஜினின் சுழற்சி. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று ஒரு எண். எண் பெரிதாக ஆக, கட்டத்துக்குத் தானாக நிறம் ஏறும். பச்சை, மஞ்சள், அப்புறம் சிவப்பு.

"சதுரங்கப் பலகை மாதிரி இருக்கே. ராஜா எங்க மேடம்?"

"ராஜாதான் செத்துட்டான். சுவத்துல இருக்கிற தாளை எடு."

சுவர் முழுக்கத் தாள்கள். ஒவ்வொரு தடவை கணக்கை மாற்றும்போதும் அட்டவணையைக் கலரில் அச்சடித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒட்டுவது அவர்கள் வழக்கம். கடைசித் தாள், விபத்துக்கு முந்தின நாள் மதியம் ஒட்டியது. அதைப் பெட்டியில் இருந்ததோடு வரிவரியாக ஒப்பிட்டார் மேடம். சிவப்புப் பென்சில் சுழி சுழியாக ஓடியது. மொத்தம் இருபத்து நான்கு சுழி.

"எல்லாமே குறைஞ்சிருக்கு," என்றார்.

"குறைஞ்சா நல்லதுதானே? கம்மி பெட்ரோல், கம்மி வேகம். அதுல எப்படி ஆள் செத்தான்?"

மேடம் தரையில் துணி விரித்து வைத்திருந்த பிஸ்டனைக் காட்டினார். அதன் தலையில் என் கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் மெழுகு வழிந்து உறைந்தது போல இருந்தது.

"டர்போ வண்டியில அழுத்தம் ஏறும்போது, பெட்ரோல் எரியறதோட மட்டும் நிக்காது. உள்ள இருக்கிற சூட்டையும் அதுதான் தணிக்கும். அதனாலதான் அந்த இடத்துல வேணும்னே கூடுதலா ஊத்துவாங்க. அதைக் குறைச்சா வண்டி மெதுவாப் போகாது. அதே வேகத்துல போய்க்கிட்டே உள்ளுக்குள்ள உருகும்."

"அடப்பாவி ஸ்பேனர். வெளிய ஒண்ணும் தெரியாம உள்ளுக்குள்ளயே வேக வெச்சிருக்கான்."

"வாயை மூடு. இதைப் பாரு. நூத்தி நாப்பத்திரண்டு புள்ளி மூணு இருந்த இடத்துல இப்போ என்ன?"

"நூத்தி இருபத்தேழு புள்ளி மூணு."

"நூத்தி முப்பத்தொண்ணு புள்ளி ஏழு?"

"நூத்தி இருபத்தொண்ணு புள்ளி ஏழு." எனக்கும் உறைத்தது. "புள்ளிக்கு அந்தப் பக்கம் எதுவும் மாறல."

"இந்தக் கணக்கை டியூன் பண்றவன் ஒவ்வொரு கட்டமா தட்ட மாட்டான். பத்துக் கட்டத்தைச் சேர்த்துப் பிடிச்சு, ரெண்டு சதவீதம் குறைன்னு ஒரு தட்டு தட்டுவான். அப்போ புள்ளி எல்லாம் கலைஞ்சு போயிடும். இது மனசுலேயே கழிச்சு, ஒண்ணொண்ணா டைப் அடிச்சது. அதுவும் எந்தக் கட்டம் எல்லாம்? தாள்ல சிவப்பா இருக்கிறது மட்டும். லேசான சிவப்புல அஞ்சு குறைஞ்சிருக்கு. நடுச் சிவப்புல பத்து. அடர் சிவப்புல பதினஞ்சு. நிறம் கம்ப்யூட்டர் அழகுக்குப் போடறது. டியூன் பண்றவன் அதைக் கண்டுக்கவே மாட்டான்."

"கொலைகாரன் கண்டுப்பானா?"

"கொல்றவனுக்கு ஒரே கட்டம் போதும். உச்சி வேகத்துக் கட்டத்துல பாதியைக் குறைச்சா முடிஞ்சுது வேலை. இது கொல்ற கை இல்ல பிரேக்டவுன். பார்த்துப் பார்த்துக் குறைச்சிருக்கு."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஃபைலின் தலைப்பில் இருந்த வரியை விரலால் தொட்டார். கடைசியாகச் சேமித்தது, விபத்துக்கு முந்தின நாள் மாலை ஆறு ஐம்பத்திரண்டு.

ஸ்பேனரின் கடை, தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. நாங்கள் போனபோது செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள். பத்து நாள் தாடி. எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"நூத்தி பன்னெண்டு, நூத்தி பதிமூணு... உக்காருங்க மேடம். எண்ணிக்கை விட்டுப் போச்சுன்னா முதல்லேர்ந்து சுத்தணும்."

மேடம் உட்கார்ந்தார். நான் நின்றேன். இருநூறு ஆனதும் கம்பியை வெட்டினான்.

"நான் சொல்ல வேண்டியதை எல்லாம் போலீஸ்ல சொல்லிட்டேன்," என்றான்.

"நான் அதைக் கேக்க வரல. வண்டியைப் பார்த்தேன். அந்த டர்போ பைப்புல ஒரு வெல்டிங் இருக்கு பாரு, என் சர்வீஸ்ல அப்படி ஒரு வெல்டிங் பார்த்ததில்ல. உன் கையா?"

எந்த வேலைக்காரனையும் வீழ்த்த இது போதும். அவன் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. "என் கை இல்ல மேடம். ஆலையில பாய்லர் வெல்டிங் பண்றவர் ஒருத்தர். முந்தின நாள்தான் அந்த இடத்துல விரிசல் பார்த்தோம். அவரு ட்யூட்டி முடிஞ்சு வந்ததும் பிடிச்சுட்டோம். நாங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு நின்னோம். ஆறுலேர்ந்து ஏழரை வரைக்கும் ஒரே புகை. அவன் கண்ணுல தண்ணியா கொட்டுது, ஆனா பிடிச்ச பிடியை விடல."

"லேப்டாப்பையும் அந்தப் புகையிலயா வெச்சிருந்தீங்க?"

"சேச்சே. அது வீட்ல, சாப்பாட்டு மேசையில..."

நிறுத்திவிட்டான். நிறுத்தி என்ன பயன்? தவளை தன் வாயால் கெட்டுவிட்டது. ஆறு ஐம்பத்திரண்டுக்கு லேப்டாப் வீட்டில். இவன் வெல்டிங் பட்டறையில்.

அவனே எழுந்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"மேடம், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு கையெழுத்து. எல்லாம் முடிஞ்சிடும். நான் கவனக்குறைவுன்னு ஏதோ ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ உள்ள போயிட்டு வந்துடறேன். எனக்குன்னு யாரும் இல்ல. யாருக்கும் நஷ்டமில்ல."

"யாரைக் காப்பாத்தற?"

அவன் எழுந்தான். போய்ப் புதுக் காயிலை மாட்டி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். பத்தொன்பதைத் தாண்டியதும் மறுபடி பதினேழு என்றான். அதை அவன் உணரவில்லை.

வேனில் ஏறியதும் எனக்கு வாய் நிற்கவில்லை.

"மேடம், கேஸ் முடிஞ்சுது. அக்காவோட வீட்டுக்காரர். பஸ் டிப்போவில டைம் கீப்பர். அந்தக் கொட்டகையில கார் நிறுத்தணும்னு மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தாராம். மச்சான் மேல காண்டு. பதுங்கிப் போய் நம்பரைத் தட்டிட்டாரு."

"அன்னைக்கு அவருக்கு ராத்திரி எட்டு வரைக்கும் டிப்போவில வேலை. நேத்தே விசாரிச்சாச்சு."

"அப்போ வீட்ல யாருமே இல்லையே. சாப்பாட்டு மேசை தானா எந்திரிச்சு டைப் அடிச்சுதா?"

மேடம் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பிணங்களைப் பார்த்த முகம், அப்போதுதான் முதல்முதலாகக் கெட்ட செய்தி கேட்டது போல இருந்தது.

"மருந்துக் கடைக்கு விடு," என்றார்.

நான் மேற்கொண்டு ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தேன். அதை விழுங்கிவிட்டு வேனைக் கிளப்பினேன்.

கடையில் அக்கா ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு, வாரி முடிந்த தலை, சட்டைப் பையில் மூன்று பேனா. துக்கத்துக்காகக் கடையை ஒரு வாரம்தான் மூடியிருந்தார். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று திறந்துவிட்டாராம்.

"ஒரேயடியா நிறுத்தக் கூடாதுங்க," என்று பெரியவரிடம் சீட்டைக் காட்டிச் சொன்னார். "உடம்பு தாங்காது. டாக்டர் எழுதியிருக்காரு பாருங்க. இந்த வாரம் அஞ்சு குறைங்க. அடுத்த வாரம் பத்து. அதுக்கடுத்த வாரம் பதினஞ்சு. படிப்படியா இறங்கணும்."

மேடம் என் கையைப் பிடித்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டதே கிடையாது. அவர் விரல் சில்லென்று இருந்தது.

பெரியவர் போனதும் அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டார். "என்ன மேடம், முடிச்சுட்டீங்களா? நாளைக்குக் கையெழுத்து. அதுக்குள்ள அது தப்பு இல்ல, கொலைன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லணும்."

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த லேப்டாப்பை நீங்க எப்பவாவது தொட்டீங்களா?"

அக்கா முந்தானையைச் சரி செய்தார். முகத்தில் ஒரு கூச்சம், அவ்வளவுதான். பயம் துளிக்கூட இல்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன். திருட்டுத்தனமா செஞ்ச காரியம், வெக்கமா இருந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் கடையிலேர்ந்து சீக்கிரமா போனேன். மேசை மேல திறந்து கிடந்துச்சு. நாளைக்கு முழு வேகத்துல விடப் போறேன்க்கான்னு காலையிலேயே சொல்லியிருந்தான். எனக்கு அன்னைக்குப் பூரா கடையில வேலையே ஓடல. வேணாண்டான்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். ஒரேயடியா நிறுத்துன்னா அவன் கேக்கப் போறானா? அதான், சிவப்பா இருந்த இடத்துல மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சேன். அஞ்சு, பத்து, பதினஞ்சு. அவனுக்கே தெரியாது. வண்டி கொஞ்சம் மெதுவாப் போகும், அவ்வளவுதானேன்னு."

"அந்த எண்ணு என்னன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அவன்தான். சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. இந்த எண்ணு பெட்ரோலோட அளவுன்னான். சரிடா, பெட்ரோல் ஏறினா வேகம் ஏறுமான்னு கேட்டேன். 'ஆமாக்கா, அப்படித்தான் வெச்சுக்கோயேன்'னு சிரிச்சான்." அவரும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் முகம் இறுகியது. "இப்போ புரியுதா மேடம்? நான் குறைச்சு வெச்சேன். அந்தப் படுபாவி காலையில அதைப் பார்த்துட்டு, எல்லாத்தையும் திரும்ப ஏத்திவிட்டிருக்கான். நான் வெச்சது வெச்ச மாதிரி இருந்திருந்தா என் தம்பி இன்னைக்கு உயிரோட இருப்பான். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். ஒரு அப்பாவி உள்ளே போவான், போகட்டும், இவருக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் என்றுதான் எனக்கு அந்த நொடியில் பட்டது.

"ஆமாக்கா," என்றேன். "அதேதான். அவன்தான் ஏத்தியிருக்கான்."

அக்கா என்னைப் பார்த்தார். இருபது வருடம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, வலி இல்லை என்று சொல்கிறவனின் வலியைக் கண்டுபிடித்தவர். என் முகத்தில் எதைப் படித்தாரோ, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க மேடம். டோஸ் குறைச்சா வேகம் குறையும்தானே?"

"சாதாரண வண்டியில குறையும்மா."

"அவன் வண்டியில?"

"அவன் வண்டியில அந்தச் சிவப்புக் கட்டத்துல போற பெட்ரோல்தான் இன்ஜினைக் குளிர வைக்குது. குறைச்சா சூடு ஏறும்."

"எவ்வளவு ஏறும்?"

மேடம் பொய் சொல்ல முயன்றதை நான் பார்த்தேன். உதடு அசைந்தது. அவருக்கு அந்த வித்தை தெரியாது. "உருகற அளவுக்கு," என்றார். "பெட்டியில நீங்க வெச்ச எண்ணுதான் இருந்துச்சு. அவன் எதையும் ஏத்தல."

வெளியே யாரோ வந்து தலைவலி மாத்திரை கேட்டார்கள். அக்கா எழுந்துபோய் அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கவரில் போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். திரும்பி வந்தார். நின்றபடியே இருந்தார்.

"தெரியாத மருந்தோட அளவை மாத்தாதீங்கன்னு ஊருக்கே சொல்றவ நான்," என்றார். "ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்றேன்."

அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மார்பில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, மூச்சு வாங்குவதற்கு இடம் தேடுகிறவர் போலச் சுற்றிலும் பார்த்தார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். குடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. மறைக்க இருமக்கூட இல்லை.

வெகு நேரம் கழித்துத்தான் கேட்டார். "அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்," என்றார் மேடம். "லேப்டாப்பைத் திறந்து பார்த்திருக்கான். நேரத்தைப் பார்த்திருக்கான். அப்போ வீட்ல யாரு இருந்திருப்பாங்கன்னு யோசிச்சிருக்கான். அதனாலதான் அதைக் குளத்துல போட்டான்."

"நான் அறைஞ்சேனே. எல்லாரும் பார்க்க அறைஞ்சேனே."

எழுந்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார். ஷட்டரை அவரே இழுத்துப் பூட்டினார்.

ஸ்பேனர் கடையில் விளக்கு போட்டிருந்தான். அக்கா வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் கையிலிருந்த கம்பிச் சுருள் கீழே விழுந்து உருண்டது. எங்களைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"இவங்க என்ன சொன்னாலும் நம்பாதீங்கக்கா. நான்தான் பண்ணேன்."

"எவ்வளவு குறைச்ச?"

"லேசான சிவப்புல அஞ்சு. நடுவுல பத்து. அடர் சிவப்புல பதினஞ்சு. மொத்தம் இருபத்து நாலு கட்டம். முதல் கட்டம் நூத்திப் பதினெட்டு புள்ளி நாலு, அதை நூத்திப் பதிமூணு புள்ளி நாலு ஆக்கினேன். ரெண்டாவது..."

நிற்காமல் சொல்லிக்கொண்டே போனான். ஸ்டேஷனில் கேட்டால் சொல்வதற்காக அத்தனையும் உருப்போட்டு வைத்திருந்தான். ஏழாவது கட்டத்தில் அக்கா அவன் தோளைப் பிடித்தார்.

"போதும்டா. என் கணக்கை நீ ஏண்டா மனப்பாடம் பண்ண?"

அவன் உடைந்து போனான். அக்கா அவன் தலையைத் தன் மீது சாய்த்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கும்வரை நின்றார். பிறகு மேடத்திடம் திரும்பினார்.

"நோட்டு வெச்சிருக்கீங்களா? நான் சொல்றதை எழுதுங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போடறது நான்."

"வேணாம்க்கா," என்றான் ஸ்பேனர். "அவன் இருந்தா ஒத்துக்குவானா? உங்களை இப்படி நிக்க வெச்சுட்டு..."

"நீ சும்மா இரு."

அக்கா சொல்ல, மேடம் எழுதினார். எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தது, எந்த நாற்காலியில் உட்கார்ந்தது, எப்படிச் சேமித்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். குரல் மருந்துச் சீட்டை விளக்குகிற அதே குரல். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி ஸ்பேனரைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. காலையில வண்டியில ஃபைலை ஏத்துவீங்களே, அப்போ அவன் பார்க்கலையா? நீங்க எதையும் ரெண்டு தடவை பார்க்கிற ஆளுங்களாச்சே."

ஸ்பேனர் தலையைக் குனிந்துகொண்டான். "பார்க்கலக்கா."

"நீயும் சொல்லலையா?"

"சொன்னேன். ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்த்துடலாம்டான்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

அவன் மேடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எங்கள் இரண்டு பேராலும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை.

"சொல்லுடா. அவன் கடைசியா பேசினது. எனக்குத் தெரியணும்."

"'அது நேத்துலேர்ந்து எங்க அக்கா மேசையில இருந்துச்சுடா. அதை யாரு தொடப் போறா'ன்னு சிரிச்சான்."

அக்கா ஒரு தடவை தலையை ஆட்டினார்.

"அதையும் எழுதிக்குங்க மேடம்," என்றார்.

மேடத்தின் பேனா தாளின் மேல் அப்படியே நின்றது. நான் நோட்டை வாங்கி எழுதினேன்.